சட்டைப் பையில் மூன்று நாள்

இறால் ஹேட்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தொழில்நுட்பம் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. தாய் இறாலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து குஞ்சைப் பையில் அடைத்து அனுப்புவது வரை எல்லாவற்றிலும் நீங்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தொழில் பெரிதாகும்போது பேச்சு எப்படிச் சிறுத்துப்போகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை என் வாயாலேயே செய்தவன் நான். திறக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். பிறகு திறந்து ஒரு பொய் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை. அதன் பிறகு எட்டு ஒன்பது வருடம் அதைச் சுமந்துகொண்டு வேலை பார்த்தேன், சம்பள உயர்வு வாங்கினேன், ஓய்வும் பெற்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஹேட்சரி தொடங்கியது. முதலாளி கடலோரம் அல்லாத உள்பகுதி விவசாயக் குடும்பத்துக்காரர். லாரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். நான் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவன் என்பதால் மேலாளர். எல்லோரையும் சேர்த்துப் பதினோரு பேர். அவர்களில் தேசிங்கு என்பவரிடம் குஞ்சுத் தொட்டிகளின் பொறுப்பு இருந்தது. பத்தாம் வகுப்பு தவறியவர். என்னைவிடச் சில வயது இளையவர்.

வெளியாள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். இறால் குஞ்சு ஹேட்சரி என்கிற பொரிப்பகத்தில், கடல்நீரில் பிறக்கிறது. அது போய்ச் சேரும் பண்ணைக் குளத்தில் உப்பு குறைவாக இருக்கும். திடீரென்று உப்பு குறைந்த நீரில் விட்டால் செத்துப்போகும். அதனால் அந்தக் குளத்தின் உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் கலந்து, குஞ்சைப் பழக்கி அனுப்ப வேண்டும். இதை நாங்கள் ‘இறக்குவது’ என்போம்.

அப்போதெல்லாம் பண்ணைக்காரர்கள் மூன்று நாள் முன்னதாகத் தங்கள் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். தேசிங்கு மூடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார். “பதினெட்டு” என்பார், ஆயிரம் பங்கில் பதினெட்டுப் பங்கு உப்பு என்ற கணக்கில். பிறகு கருவியில் பார்த்தால் பதினேழோ பதினெட்டோ இருக்கும். ஒருமுறை ஒருவர் சாராய பாட்டிலில் கொண்டுவந்துவிட்டார்.

“இன்னா அண்ணாத்த, பாட்டில கழுவுனியா இல்லியா? உங்குளத்து எறா எல்லாம் நேரா நீந்துதா, தள்ளாடுதா?”

“கழுவுனேம்பா. நல்லா மோந்து பாரு.”

“மோந்துதான் சொல்றேன். இன்னிக்கு எனக்கு மதியச் சோறே வாணாம்.”

இந்தக் கேலிக்கு நடுவே தேசிங்கு தனக்கு வேண்டியதையெல்லாம் கேட்டு வாங்கிவிடுவார். மதகு எப்போது திறந்தது, பக்கத்துக் குளத்தில் நோய் உண்டா, மழை எந்தப் பக்கம் பெய்தது. எனக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது. படித்தவனுக்கு அப்படித்தான் தெரியும்.

தொழில் வளர்ந்தது. தெற்கே இரண்டாவது ஹேட்சரி கட்டினோம். செங்கல்பட்டில் ஒரு மாடியைப் பிடித்து அலுவலகம் வைத்தோம். நெல்லூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நானும் கடற்கரையை விட்டு அந்த மாடிக்குப் போய்விட்டேன். ஒருநாள் ஒரே தொட்டிக் குஞ்சுக்காக இரண்டு வேன்கள் வாசலில் நின்றன. ஒன்று நான் வாக்குக் கொடுத்தது, இன்னொன்று தேசிங்கு கொடுத்தது. இரண்டு பக்கத்தாரும் கைகலப்பு வரை போனார்கள். முதலாளி நடுவில் நின்று கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலையே நாலு வரியில் ஒரு விதி தட்டச்சு செய்து ஒட்டினேன். வாடிக்கையாளர்கள் அலுவலகத்தோடு மட்டுமே பேச வேண்டும். ஹேட்சரி ஊழியர்கள் அவர்களோடு நேரடியாகப் பேசக் கூடாது. குளத்து விவரங்கள் படிவத்தில் எழுதப்பட்டு அலுவலகம் வழியாக வரும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஹேட்சரித் தொலைபேசிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தேன். அலுவலகத்துக்கும் என் வீட்டுக்கும் பேச மட்டும் அவர் திறந்துவிடுவார். பாட்டில்கள் வருவது நின்றது.

உண்மையைச் சொன்னால், அந்த விதி தவறே இல்லை. இரண்டு வேன்கள் அதற்குப் பிறகு ஒருநாளும் வந்து நிற்கவில்லை. ஒரு குழப்பத்தை நிறுத்துகிற விதி வேறு எதையெல்லாம் சேர்த்து நிறுத்துகிறது என்று அதை எழுதியவன் போய்ப் பார்க்க வேண்டும். நான் போகவில்லை. ஆறு மாதத்தில் ஒருமுறை தொட்டிப் பக்கம் நடந்திருந்தால்கூடப் போதும்.

அலுவலகத்தில் தொலைபேசியைக் கவனித்தவர் கல்யாணி. திருநெல்வேலிக்காரர். கணவர் கல்பாக்கத்தில் வேலை. கவனமான பெண். சேர்ந்த இரண்டாம் மாதமே என்னிடம் வந்து சொன்னார்.

“சார், அவங்க பேசுறதுல பாதி எனக்குப் புரியல. எது முக்கியம், எது சும்மா சொல்றாங்கன்னு தெரியல. ஒரு நாள் ஹேட்சரிக்குப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

“நீங்க எழுதிக் குடுத்தா போதும்மா. புரிஞ்சுக்கிறது எங்க வேலை.”

இந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதும்போது கூசுகிறது.

அந்த வருடம் பொங்கல் கழிந்து, யாரும் எதிர்பாராத மழை இரண்டு நாள் பெய்தது. சனி, ஞாயிறு. செய்யூர்ப் பக்கம் உப்பங்கழியை ஒட்டி ஏகாம்பரம் என்பவருக்கு மூன்று குளங்கள். முந்தைய இரண்டு பட்டத்திலும் இறால் நோயில் போய்விட்டது. இதுவும் போனால் குளத்தை மூடிவிட்டு மறுபடி வேர்க்கடலைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அவருக்குக் குஞ்சு அனுப்ப வேண்டும். படிவத்தில் குளத்து உப்பு இருபது என்று இருந்தது.

திங்கட்கிழமை மதியம் கல்யாணி ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “செய்யூர் ஏகாம்பரம் பேசினார். மழையில் குளத்து உப்பு எட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு இறக்கித் தரச் சொல்கிறார்.” மூன்று வாக்கியம். தெளிவான கையெழுத்து. புரியவில்லை என்று சொன்ன அந்தப் பெண் ஒரு சொல்கூடத் தவறாமல் எழுதியிருந்தார்.

படித்தேன். அந்த நேரத்தில் கீழே கார் ஹாரன் அடித்தது. நெல்லூரிலிருந்து வந்திருந்த பெரிய வாடிக்கையாளர்களை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. முதலாளி காரில் காத்திருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏரிக்கரையில் நின்று நத்தைக்குத்தி நாரை எது, கூழைக்கடா எது என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது சீட்டு என் பையில்தான் இருந்தது. இரவு சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டேன். அதோடு மறந்துபோனேன்.

மறந்தது தப்புதான். ஆனால் நான் வருந்துவது அதற்காக அல்ல. மறதி எல்லோருக்கும் வரும். வியாழக்கிழமை விடியற்காலை நடந்ததைக் கேளுங்கள்.

தேசிங்கு அந்த வாரம் புதன்கிழமை வரை இரண்டாவது ஹேட்சரியில் இருந்தார். புதன் மாலை திரும்பியவரிடம் செய்யூரிலிருந்து வந்த அவர் மைத்துனர் மழையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வியாழன் காலை ஐந்தரைக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“சார், தேசிங்கு. செய்யூர் வேனுக்குப் பை கட்டிகினு இருக்கோம். அங்க நல்ல மழையாம் சார். தண்ணி மாறியிருக்குமோன்னு டவுட்டா கீது.”

அந்த நொடியில் சீட்டு நினைவுக்கு வந்துவிட்டது. எட்டு என்ற எண்கூடக் கண்முன் வந்தது.

“சார்? கேக்குதா? ஏகாம்பரம் வூட்டாண்ட ஒரு கடையில போன் கீது சார். ஒரு நிமிசம் பேசிக் கேட்டுக்கட்டுமா? நீங்க சரின்னா வாட்ச்மேன் வுடுவாரு.”

எனக்கு இருந்தது அரை நிமிடம். அதில் என் மனம் போட்ட கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். இவரைப் பேசவிட்டால், ‘நான் திங்கட்கிழமையே சொல்லிவிட்டேனே’ என்பார் ஏகாம்பரம். அப்போது என் மறதி வெளியே வரும். என் விதி, அலுவலகம், படிவம் எல்லாம் சிரிப்பாகிவிடும். வேனை நிறுத்தினால் அடுத்து அது போக வேண்டிய இரண்டு பண்ணைகளும் தள்ளிப்போகும். பையைக் குளத்தில் மிதக்கவிட்டு மெதுவாகத் தண்ணீர் கலந்து விட்டால் பாதியாவது பிழைக்கும். எல்லாமே பிழைத்தாலும் பிழைக்கலாம். மனம் அந்தக் கடைசி வாக்கியத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

“படிவத்துல என்ன போட்டிருக்கு?” என்றேன்.

“இருவது சார்.”

“அப்ப அதுதான். எதுவா இருந்தாலும் ஆபீஸ் மூலமாத்தான் வரும். வேனை அனுப்பு.”

மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“சரி சார்.”

உங்களுக்கும் இப்படி அரை நிமிடங்கள் வரும். கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நம் மானத்துக்குப் பதில் சொல்லும் நேரம் அது. அப்போது குரல் வழக்கத்தைவிட உறுதியாக வரும். என் குரல் அன்று மிக உறுதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் ஏகாம்பரத்தின் குளத்தில் குஞ்சு முழுக்கச் செத்தது தெரிந்தது. சனிக்கிழமை முதலாளி என்னையும் தேசிங்கையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு செய்யூருக்குப் போனார். குளத்து ஓரத்தில் ஒரு சிறிய வலைத்தொட்டியில் நூறு குஞ்சுகளைத் தனியாக விட்டு வைத்திருந்தார் ஏகாம்பரம். எத்தனை பிழைக்கிறது என்று பார்க்க எல்லாப் பண்ணைக்காரர்களும் அப்படிச் செய்வார்கள். வலையைத் தூக்கி எங்கள் முன்னால் கவிழ்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

“எண்ணிக்கோங்க. நூறும் கீது. நா ஒன்னும் தின்னல.”

முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா ஏகாம்பரம், தண்ணி மாறியிருக்கேப்பா. சொல்ல வேணாமா நீ?” என்றார்.

“சொல்லாமயா! திங்கக்கெழமயே போன் போட்டேன் மொதலாளி. அந்தம்மா திருப்பிப் படிச்சுக் காட்டுச்சு. எட்டுனு சொன்னேன், எட்டுனு படிச்சுது. அப்பால வேன் வந்துச்சு. வேன் வந்துட்டா இன்னா அர்த்தம்? சொன்னது போய்ச் சேந்துடுச்சு, அதுக்கு ஏத்தாப்புல எறக்கிக் குடுத்துட்டாங்கனுதான அர்த்தம்? நம்பித்தான கொட்டுனேன்?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “போன் வந்துச்சா சார்?”

“வந்துச்சு.”

“ஹேட்சரிக்குச் சொன்னீங்களா?”

என் சட்டையைச் சலவைக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி கத்தியிருப்பார். நெல்லூர்க்காரர்கள் முன்னால் ஒருமுறை குத்திக்காட்டியிருப்பார். அதற்கு மேல் எனக்கு எதுவும் ஆகியிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

“சொல்லியாச்சு” என்றேன்.

முதலாளி தேசிங்கைப் பார்த்தார். தேசிங்கு என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன்.

“எனக்கு வந்து சேரல மொதலாளி.”

“அப்ப சார் பொய் சொல்றாரா?”

வியாழன் விடியற்காலை என்னைக் கூப்பிட்டதைத் தேசிங்கு சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் மறுப்பேனா, ஒத்துக்கொள்வேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொல்லவில்லை. ஏகாம்பரம் கீழே கிடந்த வலையை எடுத்து தேசிங்கின் காலடியில் வீசினார்.

“உன்னாண்ட ஒரு வேல. தண்ணிய எறக்குற வேல. நாக்குலயே அளந்து சொல்லுவேன்னு பீத்திக்குவியே, எங்க போச்சு அந்த நாக்கு?”

“வூட்டுக்குப் போ தேசிங்கு” என்றார் முதலாளி. “திங்கக்கெழமைலேர்ந்து வராத.”

ஜீப்பில் இடம் இருந்தது. தேசிங்கு ஏறவில்லை. செய்யூர் பஸ் நிறுத்தம் நோக்கி நடந்து போனார்.

திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. கல்யாணி செய்திகளைக் கார்பன் வைத்து எழுதுவார். அந்தச் சீட்டின் நகல் அது. ஓரத்தில் அவர் கையெழுத்தில் “சாரிடம் நேரில் கொடுக்கப்பட்டது” என்று இருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் அதை இழுப்பறைக்குள் தள்ளினேன். அன்று முதல் அவர் கொடுக்கும் ஒவ்வொரு செய்திக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் காவலாளியிடம் வாங்கினார், காவலாளி தொட்டிக்காரரிடம் வாங்கினார். முதலாளி பார்த்துவிட்டு, “ஆபீஸ் இப்பத்தான் சார் ஆபீஸ் மாதிரி நடக்குது” என்று என்னைப் பாராட்டினார். எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கோடையில் எங்கள் கடல்நீர்க் குழாய் அருகே ஒரு படகிலிருந்து டீசல் கொட்டியிருக்கிறது. மோட்டார் ஓட்டுகிறவருக்கு விடியும்போதே வாடை தெரிந்திருக்கிறது. ஆனால் அலுவலகம் திறக்கும் வரை காத்திருந்து, செய்திப் படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினார். அதற்குள் இரண்டு தொட்டிகள் போய்விட்டன. ஏன் உடனே கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

“கூப்ட்டுச் சொன்னா நான்தான் பண்ணேன்னு ஆயிடும் சார்” என்றார். தலைகூட நிமிரவில்லை.

எனக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது என்று அன்று புரிந்தது. அப்போது எங்களிடம் பேஜர் இருந்தது. ஃபேக்ஸ் இருந்தது. பிறகு செல்போன்களும் வந்தன. தேசிங்கின் கதி எல்லோருக்கும் தெரியும். செய்தி சொன்ன ஒருவனை இந்த ஆள் என்ன செய்தான் என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் எந்தக் கருவி வாங்கி வைத்து என்ன பயன்? இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று வருடத்தில் இரண்டாவது ஹேட்சரியை மூடினோம். நோய், சந்தை, கடல் என்று காரணம் சொன்னோம். அதெல்லாம் உண்மைதான். ஒவ்வொரு இழப்பிலும் யாரோ ஒருவர் முன்னாலேயே தெரிந்து வைத்திருந்து சொல்லாமல் போயிருந்தார் என்பதும் உண்மை.

தேசிங்குக்கு இந்தக் கடற்கரையில் எந்த ஹேட்சரியிலும் வேலை கிடைக்கவில்லை என்று காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டேன். முதலாளி இருந்தவரை சொல்ல ஆயிரம் சந்தர்ப்பம். அவர் இறந்த பிறகு சொல்ல ஆளில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்துத்தான் தேசிங்கைத் தேடிப் போனேன். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சந்திப்பில், வரிசையில் நான்காவது வண்டி. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“இன்னா சார், எங்க போவணும்? சிறுசேரியா, திருப்போரூரா?”

“உன்னைப் பாக்கத்தான் வந்தேன் தேசிங்கு.”

ஆட்டோவின் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, வேடந்தாங்கல், சட்டை, நான் சொன்ன பொய். அழுகை வந்தது. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே முன்னால் நின்ற வண்டிகள் நகர நகரத் தன் வண்டியையும் நகர்த்தினார்.

“சீட்டு சமாச்சாரம் எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும். நாந்தான அங்க நின்னுகினு இருந்தேன்? நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா?”

“ஏன் தேசிங்கு நீ அப்பவே சொல்லல? காலைல எனக்கு போன் பண்ணியே.”

“சொன்னா? நீ எம்.எஸ்சி. நா டென்த்து பெயிலு. உன் வாய்லேர்ந்து வரும்னு பாத்தேன். அன்னிக்கு வரல. ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்பால லைசென்ஸ் எடுத்துட்டேன்.”

மன்னித்துவிடு என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார். கோபமாக உருவவில்லை. முன்னால் இருந்த வண்டி கிளம்பியதால் கியர் போட வேண்டியிருந்தது.

“தெரிஞ்சவனாண்டயே வந்து சொன்னா இன்னா பிரயோஜனம் சார்? ஏகாம்பரத்துக்குத் தெரியாதே. அவராண்ட போய்ச் சொல்லு. எறங்கிக்கோ, ஆள் ஏறுறாங்க.”

இறங்கிக்கொண்டேன். ஏழு பேர் அடைந்து உட்கார, வண்டி திருப்போரூர்ப் பக்கம் போயிற்று.

செய்யூருக்குப் போக எனக்கு இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. ஏகாம்பரம் மூன்று குளங்களையும் மூடிவிட்டு அந்த இடத்தில் சவுக்கு வைத்திருந்தார். வெட்டிய கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். இறால் போனதற்காகத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அந்த இழப்பு நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

“தேசிங்கு பண்லியா அது?” என்றார்.

“இல்ல.”

“நெசமா?”

“நெசமா. நான்தான்.”

அடுக்கி வைத்த கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“யோவ், நா இன்னா பண்ணி வச்சுக்கீறேன் தெரிமா உனக்கு? அந்த ஆளு எங்க வேல கேட்டுப் போறாருனு விசாரிச்சு, அங்கங்க போய் சொன்னேன்யா. இவன வச்சுக்காதீங்க, இவன் கைபட்டா குஞ்சு நிக்காதுனு. ஒவ்வொரு கேட்டா போய் சொன்னேன். குஞ்சு வாங்குறவன் சொன்னா எந்த ஹேட்சரியும் கேக்கும், என் பேச்ச. ஒரு குடும்பஸ்தன் பொழப்ப என் வாயால கெடுத்துட்டியேய்யா!”

என் பொய் அந்தக் குளத்தங்கரையோடு நின்றுவிட்டதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது ஏகாம்பரத்தின் வாயில் ஏறி, நேர்மையான ஒருவரின் வார்த்தையாக மாறி, கடற்கரை முழுவதும் போயிருக்கிறது.

அவர் எழுந்து மொபெட்டை நகர்த்தினார்.

“ஏறு.”

“எங்க?”

“நா எங்கெங்க சொன்னேனோ அங்கெல்லாம். நா போய் சொன்னா, கெழவனுக்குப் புத்தி மாறிடுச்சும்பாங்க. நீ சொல்லு. பெரிய படிப்பு படிச்சவன்தான நீ?”

ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. நான் பின்னால் கம்பியை லேசாகப் பிடித்திருந்ததைப் பார்த்துக் கத்தினார்.

“கெட்டியா புடிச்சுக்கோ. வழியில வுழுந்து செத்துட்டீனா எவன் வந்து சொல்றது?”

நாங்கள் முதலில் போன ஹேட்சரியில் அந்தக் காலத்து மேலாளரே இருந்தார். என் வயதுக்காரர். பாதியிலேயே கையை உயர்த்தி, “அதெல்லாம் இப்ப எதுக்கு சார், டீ சாப்பிடுங்க” என்றார். ஏகாம்பரம், “டீ அப்பால. அவரு முடிக்கட்டும்” என்றார். முடித்தேன். இரண்டாவது இடம் ஓய்வு விடுதியாக மாறியிருந்தது. வாசலில் நின்ற காவலாளி சீருடையோடு எங்களுக்கு சல்யூட் அடித்தார். அவரிடம் சொல்ல எதுவும் இல்லை. மூன்றாவதில் முதலாளி மாறியிருந்தார். நான்காவதில் ஒரு தொட்டிக்காரர் மட்டும் தேசிங்கை நினைவு வைத்திருந்தார். “நல்ல கை சார் அவருக்கு. அப்பவே எனக்கு டவுட்டு” என்றார். அப்போதே சந்தேகப்பட்டவர் ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

கடைசி ஹேட்சரிக்குப் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேலாளர் இளைஞர். படிப்பு முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், மரியாதையாகக் கேட்டார். தேசிங்கின் மேல் தவறில்லை என்று சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் ஒருமுறை என்னையும் ஒருமுறை ஏகாம்பரத்தையும் பார்த்தார்.

“சாரி சார்... தேசிங்குன்னா யாரு?”

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். எழுந்துவிடலாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யாருன்னு கேக்குறாரு பாரு” என்றார். “மொதல்லேர்ந்து சொல்லு.”

சொல்லத் தொடங்கினேன்.